இருவர் நகைக்கும்போது

மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தத் தொடங்கும் நாளில் நாம் தவறாது சொல்லும் செய்தி ஒன்று உண்டு. எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அழுகையை அதற்கு அடுத்ததாகவே வைத்தார். இரண்டும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பவை. இடையே ஒற்றைச் சுவர்தான். ஒரு வீட்டில் எழும் ஒலி மறுவீட்டில் கேட்காமற் போவதில்லை. இதனை மாணவர் மனத்தில் பதியவைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது நம் எண்ணம்.

இலக்கணத்திற்கு எடுத்துக்காட்டுகளை நாம் சங்கப் பாடல்களிலிருந்து தருகிறோம். மாணவர் தாமே எடுத்துக்காட்டுத் தேடப் புகும்போது அவர்தம் கை திரைப்படத்தின் பக்கம் நீள்கிறது. அதிலும் அண்மை ஆண்டுகளில், தமிழில் மொழிமாற்றம் பெற்று வரும் ஆங்கிலப் படங்கள், சூப்பர் ஹீரோ எனப்படும் பேராற்றல் நாயகர்களின் படங்கள், வகுப்பறைக்குள் தாராளமாக நுழைந்துவிட்டன. இதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், "தொல்காப்பியரையும் இந்தக் கூத்தையும் ஒரே பாயில் உட்கார வைப்பது தகுமோ?" என்று நம்மிடம் வினவினார். தொல்காப்பியர் கூத்தர்களை அறியாதவர் அல்லர். பண்ணைத் தோன்றிய மெய்ப்பாடுகளைப் பேசியவர் விளையாட்டுக் களத்தைக் கண்டு முகம் சுளித்திருக்க மாட்டார் என்று பணிவுடன் விடையிறுத்தோம். பெரியவர் நகைத்தார். அந்நகை இசைவா எள்ளலா என்பதனை நாம் ஆராயப் புகவில்லை.

இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது மாணவர் ஒருவர் எழுப்பிய வினா. "ஐயா, ஒரே இயக்குநர், ஒரே நடிகர். ஒரு படத்தில் நாயகர் இருவரும் சிரிக்க வைக்கிறார்கள், இனிக்கிறது. அடுத்த படத்திலும் இருவர் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள், திகட்டுகிறது. சிரிப்பின் அளவு கூடிவிட்டதா?" என்றார் அவர். அளவன்று, இனம் என்று உடனே நம் வாயில் வந்தது. வந்த சொல்லுக்குக் காரணம் காட்ட வேண்டியதாயிற்று.

இரட்டை நாயகர் என்னும் ஏற்பாடு பழையது. 1939 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கதை இதழில் தோன்றிய பேட்மேனுக்கு முதலில் துணை கிடையாது. ஓராண்டு கழியுமுன், 1940 ஏப்ரலில் ராபின் என்னும் சிறுவன் அவரோடு சேர்ந்தான். கதையாசிரியர் பில் ஃபிங்கர் இதற்குக் கூறிய காரணம் எளியது: பேட்மேனுக்குப் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருளில் தனித்து நிற்பவன் தன் எண்ணத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்ளலாம்; நகைப்பது எங்ஙனம்? நகைக்கு எதிர்முகம் ஒன்று வேண்டும். அச்சிறுவனோ கவலையற்றவன், துள்ளுபவன். மூத்தவர் இறுகிய முகத்தினர். இளையவன் துள்ள மூத்தவர் இறுகியிருப்பதே அவ்விணையின் சுவை. 1966 இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ஆடம் வெஸ்ட் ஒருமுறையேனும் தம்மை நகைச்சுவை நடிகராகக் காட்டிக்கொள்ளவில்லை. நகைப்பிற்கிடமான சொற்களை நீதிபதி தீர்ப்பு வழங்குவது போன்ற குரலில் அவர் மொழிந்தார். உலகம் வயிறு குலுங்கச் சிரித்தது. 1997 இல் வெளியான 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்திலோ பகைவரும் சிலேடை, நாயகரும் சிலேடை. பனியின் பெயரால் வில்லன் உதிர்த்த சொல்விளையாட்டுகளை எண்ணுவதற்குள் படம் முடிந்துவிடும். அதன்பின் அவ்வரிசையில் மற்றொரு படம் வர எட்டாண்டுகள் ஆயின. எல்லாரும் விதூடகராகிவிட்ட அவையில் விதூடகனுக்கு வேலை இல்லை.

இனி மாணவர் வினவிய படங்களுக்கு வருவோம். முதலாவது 2017 இல் வெளிவந்த 'தோர்: ரக்னராக்'. இயக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த டைகா வைடீடி. தோர் என்பவர் வடபுலத்துத் தொன்மத்தின் இடிக்கடவுள். அஸ்கார்ட் நாட்டு இளவரசராக மார்வெல் நிறுவனப் படங்களில் வருபவர். 2011 இலும் 2013 இலும் வந்த முதலிரு படங்களில் அவர் பெரிதும் அரண்மனைப் பேச்சுப் பேசுபவராக இருந்தார். ஹல்க் என்பவர் புரூஸ் பேனர் என்னும் அறிவியலாளரின் சினம் உருக்கொண்ட பச்சைப் பூதம். 2012 இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' படத்தில் அவருக்குப் பேச்சு மிகக் குறைவு. ஆயினும் அப்படத்தின் மிகப் பெரிய சிரிப்பை விளைவித்தவர் அவரே. தான் கடவுள் என்று முழங்கிக்கொண்டிருந்த லோகியைக் காலைப் பிடித்துத் துணி துவைப்பது போலத் தரையில் அறைந்துவிட்டு அவர் நடந்து போனார். பெருமிதம் பேசியவன் தரையில் கிடக்கிறான், பேசாதவன் போய்க்கொண்டிருக்கிறான். நகை இங்கே சொல்லில் இல்லை.

ரக்னராக்கில் இயக்குநர் எடுத்துக்கொண்ட இடர் யாதெனில், அதுவரை பேசாதிருந்த ஹல்க்கைப் பேசவைத்ததும் இறுக்கமாயிருந்த தோரை நகைக்கத்தக்கவராக்கியதும் ஆகும். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தால் இருவரும் ஒரே குரலில் பேசும் இரு கோமாளிகளாகி விடக்கூடும். அங்ஙனம் ஆகாமற் காத்தது எது? பேராசிரியர் உரையை இங்கே துணைக்கு அழைக்கலாம். நகை பிறக்கும் களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பது நூற்பா தரும் கருத்து. எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் மற்றொன்று. தோருடைய நகை முழுவதும் இந்த எள்ளற் களத்தில் முளைத்தது. அவர் தம் பெருமையைத் தாமே பறைசாற்றுவார். உலகம் அதனை உடனே உடைக்கும். அவர் வீசிய பந்து சுவரில் பட்டுத் திரும்பி அவர் நெற்றியிலேயே மோதும். ஹல்க்கின் நகையோ இளமைக் களத்தது. இங்கு இளமை என்பது வயதன்று, குழந்தைத்தன்மை. குழந்தை தன்னை எள்ளிக்கொள்ளத் தெரியாதது. தான் நகைப்புக்குரியது என்பதையே அறியாதது. ஒருவர் தம் பெருமை உடைவதை அறிந்து நாணுபவர். மற்றவர் நாணம் என்பதையே அறியாதவர். இருவரும் ஓர் அறையில் இருந்தால் நகை தானே பிறக்கும்.

போர்க்களக் காட்சியை நோக்குவோம். சகார் என்னும் குப்பைக் கோளில் அடிமையாக்கப்பட்ட தோர், அந்நாட்டு மாவீரனோடு பொருதற்கு அரங்கில் நிறுத்தப்படுகிறார். கதவு உடைபட்டு வெளிவருபவர் ஹல்க். அரங்கம் அதிர்கிறது. தோரோ மகிழ்ச்சியில் துள்ளுகிறார். இவர் தம்மோடு பணிபுரிந்த நண்பர் என்று அனைவருக்கும் அறிவிக்கிறார். உலகைக் காத்த வீரர் இருவரை அலுவலகத்து நண்பர்களாக்கிவிடும் அந்தச் சொல்லை வழங்கியவர் கதையாசிரியர் அல்லர். நோயுற்ற சிறாரின் விருப்பத்தை நிறைவேற்றும் அமைப்பொன்றின் வழியாகப் படப்பிடிப்பைக் காண வந்திருந்த சிறார் ஒருவர் அதனைச் சொல்லிக்கொடுத்ததாகத் தோராக நடித்த கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் கூறியிருக்கிறார். இச்செய்தியை வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

நண்பர் என்று மகிழ்ந்தவரை ஹல்க் அடையாளம் கண்டும் காணாதவராய் அடிக்கிறார். இறுதியில் லோகியை அன்று அறைந்தவாறே தோரையும் காலைப் பிடித்து அறைகிறார். பார்வையாளர் மேடையில் அமர்ந்திருந்த லோகி துள்ளி எழுந்து ஆர்ப்பரிக்கிறான்: தான் பட்டதை இன்று இன்னொருவனும் பட்டான் அல்லனோ! ஐந்தாண்டுகளுக்கு முன் விதைத்த நகை இங்கே மறுவிளைச்சல் தருகிறது. இம்மூவருள் எவருடைய நகையும் மற்றவருடையது போன்றதன்று என்பது நோக்கத்தக்கது.

இவற்றினும் நாம் பெரிதும் போற்றுவது அதன்பின் வரும் அறைக்காட்சி. சண்டை முடிந்து இருவரும் ஓர் அறையில் அடைபட்டிருக்கின்றனர். சிறுவர் இருவர் பொம்மைக்காகச் சண்டையிடுவது போலச் சண்டை நடக்கிறது. பூமிக்குத் திரும்பலாம் என்று தோர் அழைக்க, பூமி தன்னை வெறுக்கிறது என்று ஹல்க் மறுக்கிறார். வாய்த்தகராறு முற்றி, ஆம், பூமி உன்னை வெறுக்கத்தான் செய்கிறது என்று தோரும் சொல்லிவிடுகிறார். அத்துணைப் பெரிய உடல் ஒரு சொல்லில் சுருங்கிப் போகிறது. பிறகு தோர் அருகில் சென்று அமர்ந்து மன்னிப்புக் கேட்கிறார். அப்போது ஹல்க் தன்னைக் கொழுந்துவிட்டெரியும் நெருப்பாகவும் தோரைப் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பாகவும் ஒப்பிடுகிறார். குழந்தையின் உவமை அது. பிழையற்ற உவமையும் கூட. இருவரும் நெருப்பே, எரியும் விதம் வேறு.

இணைநாயகர் படங்களை எழுத விரும்பும் மாணவர் எவரேனும் இம்மலரைப் படித்துக்கொண்டிருந்தால் இவ்விடத்தில் ஒன்று சொல்லுவோம். எந்த நாயகனுக்கு எத்தனை நகைச்சுவை வசனம் என்று கூறுபோட்டுக் கொடுப்பதனால் சமநிலை வந்துவிடாது. சந்தையில் மீன் கூறு வைப்பவர் அவ்வாறு செய்யலாம். ஒருவருடைய நகை எந்தக் காயத்தின் மேல் போட்ட கட்டு என்று முதலில் அறிய வேண்டும். தோருடைய நகைக்கு அடியில் தந்தையை இழந்த துயரும், சம்மட்டியை இழந்த வெறுமையும் உள்ளன. ஹல்க்கின் நகைக்கு அடியில் தன்னை விரும்புவோர் எவருமிலர் என்னும் எண்ணம் உள்ளது. காயங்கள் வேறாயின் கட்டுகளும் வேறாகும்.

இதற்குமேல் ஒரு மூன்றாம் நகையும் அப்படத்தில் உண்டு. ஹல்க் மீண்டும் பேனராகிறார். ஈராண்டுகள் தாம் பூதமாகவே இருந்துவிட்டதை அறிந்து நடுங்குகிறார். இன்னொருமுறை மாறினால் திரும்பி வர இயலாமற் போகலாம் என்று அஞ்சுகிறார். தோரோ, ஹல்க்கிடம் உன்னைத்தான் விரும்புகிறேன் என்றவர், பேனரிடமும் அதையே மாற்றிச் சொல்லித் தேற்றுகிறார். பேனருக்கு உண்மை புரிகிறது: இவருக்கு வேண்டியது நானல்லன், எனக்குள் இருக்கும் பூதம். மார்க் ரஃபலோ இதனைப் பரபரப்பும் முணுமுணுப்புமாக நடித்துச் சிரிக்க வைக்கிறார். சிரிக்கும் நமக்கு நெஞ்சில் ஒரு முள்ளும் தைக்கிறது.

அம்முள் இறுதிப் போரில்தான் வெளிப்படுகிறது. அஸ்கார்டின் வானவிற் பாலத்தில் மக்கள் சிக்கியிருக்கின்றனர். பெரும் ஓநாய் அவர்களை நெருங்குகிறது. வானூர்தியிலிருந்து பேனர் குதிக்கிறார். குதிக்குமுன் தோழியிடம், நான் யாரென்று இப்போது காண்பாய் என்னும் பொருளில் மிடுக்காக ஏதோ சொல்லிவிட்டுத்தான் குதிக்கிறார். நடுவானில் பச்சை உருவம் எழும் என்று காத்திருக்கிறோம். எழவில்லை. மனிதராகவே வந்து பாலத்தில் 'பொத்'தென்று குப்புற விழுகிறார். அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. ஓநாயும் விழித்துப் பார்க்கிறது. கணநேரங் கழித்தே ஹல்க் எழுகிறார். நம் வகுப்பில் அனைவரும் இக்காட்சியை நினைவுகூர்ந்து நகைத்தனர். நகை அடங்கியபின், "அவர் எதனைக் கொடுத்துவிட்டுக் குதித்தார்?" என்று வினவினோம். வகுப்பு அமைதியாயிற்று. திரும்பி வரமாட்டோம் என்று தாம் நம்பியவாறே தம்மையே அவர் கொடுத்துவிட்டார். பெருமிதத்தின் களன்களில் கொடையும் ஒன்று என்பார் தொல்காப்பியர். உயிர்க்கொடையை வழுக்கி விழும் நகையாக மாற்றிக் காட்டியிருக்கிறார் இயக்குநர், கொடை குறையவில்லை. நகையும் அழுகையும் பெருமிதமும் ஒரு கணத்தில் அடுக்கி நிற்கும் இத்தகைய காட்சிகள் இவ்வகைப் படங்களில் மிகச் சில.

பேசுபவனும் பேசாதவனும் இணையும் வகைக்கு 2024 இல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' பெரிய எடுத்துக்காட்டு. பெரியோர் வாசிக்கும் இம்மலரில் அப்படத்தின் நாவன்மையை எடுத்தெழுத இயலாது. அமெரிக்கத் தரச்சான்றே அதனைச் சிறார்க்கு உகந்ததன்று என்று ஒதுக்கிவைத்தது. எனினும் அதன் அமைப்பு கற்கத்தக்கது. டெட்பூல் ஓயாது பேசுபவன். 2009 இல் வந்த வுல்வரின் படமொன்றில் அவனுடைய வாயையே தைத்துவிட்டார்கள். கிளியைப் பிடித்து வந்து அலகைக் கட்டியது போன்ற செயல். 2024 படத்தில் அவன் தன் விருப்பம்போல் பேசுகிறான். வுல்வரின் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். ஒரு மகிழுந்துக்குள் இருவரும் செல்லும் காட்சியில் டெட்பூல் தன்னிடம் பொய்யுரைத்தான் என்பதை வுல்வரின் அறிகிறான். அதுவரை அடக்கியிருந்த வெகுளி முழுவதும் நீண்ட வசையாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு சொல்லும் உண்மையான இடத்தில் தைக்கிறது. வாயாடி வாயடைத்துப் போகிறான். முன்னர் அவன் பேசிய அத்தனை பேச்சும் இந்த ஒரு மௌனத்திற்காகச் சேர்த்துவைத்த முதல் என்று நமக்குத் தோன்றியது. 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படத்தில் நமக்கு நிலைத்து நிற்பது அந்த மௌனந்தான்.

மாணவர் வினாவின் மறுபாதிக்கு இப்போது வரலாம். 2022 இல் அதே வைடீடி, அதே ஹெம்ஸ்வொர்த்தைக் கொண்டு 'தோர்: லவ் அண்ட் தண்டர்' படத்தை எடுத்தார். இம்முறை இணை, தோரும் அவருடைய முன்னாள் காதலி ஜேன் ஃபாஸ்டரும். ஜேனாக நடித்தவர் நடாலி போர்ட்மன். உடைந்துபோன பழைய சம்மட்டி ஜேனைத் தேடி ஒன்றுகூடுகிறது. அவரும் இடியின் ஆற்றல் பெறுகிறார். அவருக்கோ நான்காம் நிலைப் புற்றுநோய். சம்மட்டியை ஏந்தும்போது வலிமை வரும். நோயை எதிர்க்கும் உடலின் ஆற்றல் அதற்கு விலையாகப் போய்க்கொண்டிருக்கும். எத்துணை ஆழமான கரு! இக்கருவை வைத்துக்கொண்டு இரு நாயகருக்கும் ஒரே வகை நகையைக் கொடுத்தனர். தோரும் அசடு வழிவார். ஜேனும் தமக்கேற்ற முழக்கச் சொல் ஒன்றைத் தேடித் தேடி அசடு வழிவார். தோரின் கோடரி பழைய சம்மட்டியைக் கண்டு பொறாமை கொள்ளும். இடைவிடாது அலறும் ஆடுகள் இரண்டு வேறு. தோரின் தேரை ஆடுகள் இழுப்பது வடபுலத் தொன்மத்தில் உள்ளதுதான். அலறல் மட்டும் இவர்கள் சேர்த்தது. இருவரில் எவரும் நிலத்தில் ஊன்றி நிற்கவில்லை. எனவே எவர் வழுக்கினாலும் அது வழுக்கலாகத் தெரியவில்லை.

வசூலில் பெருங்குறை ஏதுமில்லை. முன்னதற்கு ஏறத்தாழ 85 கோடி டாலரும் பின்னதற்கு ஏறத்தாழ 76 கோடி டாலரும் உலகெங்கும் கிடைத்தன. ஆயினும் 2024 இல் அளித்த நேர்காணல் ஒன்றில் ஹெம்ஸ்வொர்த்தே, படப்பிடிப்பில் தோன்றியதைப் பேசும் களிப்பில் அகப்பட்டுத் தம் பாத்திரத்தைத் தாமே நையாண்டி செய்பவராகிவிட்டதாக மனந்திறந்து கூறினார். நம் இலக்கணத்தில் சொல்வதாயின், பெருமிதம் நகையோடு கலக்கலாம். நகை மிஞ்சினால் அது இளிவரலாய்த் திரிந்துவிடும்.

இவ்வளவும் நாம் வகுப்பில் கூறியவை. கூறி முடித்தபின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், பொதுவாக வாய் திறவாதவர், எழுந்தார். அவர் கூறியதை இயன்றவரை அவ்வாறே தருகிறோம்: "ஐயா, நீங்கள் ஆடுகளைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு ஆடுகளால் வருத்தமில்லை. என் உம்மாவுக்கு இதே நோய் இருந்தது. மருத்துவமனையில் எங்கள் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் உம்மாதான். வாப்பா கட்டிலருகே வந்து நின்றதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். வாப்பாவும் சிரிப்பார். ஆனால் வாப்பா சிரித்த சிரிப்பு வேறு. வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தில் ஜேன் சிரிப்பதைக் குறையாக நான் எண்ணவில்லை. நோயைத் தெரிந்துகொண்ட பிறகும் தோரின் சிரிப்பு மாறவில்லையே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை."

நாம் சில கணங்கள் கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்றோம். இலக்கணம் பிணியை இளிவரலின் களன்களுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆண்டுதோறும் இதனைச் சொல்லி வருகிறோம். ஏன் என்று மாணவர் கேட்டால் ஒரு விளக்கமும் வைத்திருந்தோம். அவ்விளக்கத்திற்குள் இப்போது ஓர் உம்மா வந்து அமர்ந்துவிட்டார். நோயுற்றவர் பிறர் முகத்தில் காண அஞ்சுவது அந்த இளிவரலைத்தான். அது அங்கே தோன்றுமுன் தாமே நகைத்து அதனைத் தடுத்துவிடுகின்றனர். அருகிருப்பவர் அந்நகையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அதே நகையைத் திருப்பித் தந்துவிடக் கூடாது.

நேர்மைக்காக ஒன்று சேர்க்க வேண்டும். அப்படத்திலும் இதனை அறிந்து எழுதிய இடங்கள் உள்ளன. தொடக்கத்தில் ஜேன் சிகிச்சைக் கூடத்தில் அமர்ந்திருக்க, தோழி டார்சி தின்பண்டங்களோடு வருகிறாள். ஜேன் விளையாட்டாகப் பேசுகிறார். டார்சியும் விளையாட்டாகப் பேசினாலும் அவள் கண்கள் விளையாடவில்லை. அச்சில நிமிடங்களுக்கு அவ்விருவருமே படத்தின் உண்மையான இணை. பின்னர்த் தோர் மருத்துவமனையில் ஜேனிடம், சம்மட்டியை மீண்டும் ஏந்தாதே என்று வேண்டும் காட்சியும் அடக்கமானது. ஆனால் ஜேன் அங்கே கிடக்கையில், தோர் மறுபுறம் சிறுவர்க்கு ஆற்றல் வழங்க, ஒரு பஞ்சு முயற்பொம்மை கண்களால் ஒளிக்கதிர் பாய்ச்சிப் போரிடுகிறது. இறுதியில் ஜேன் உயிர்விடும்போது, தாம் தேடிய முழக்கச் சொல்லைத் தோரின் காதில் மட்டும் சொல்கிறார். நமக்கு அது கேட்பதில்லை. படம் முழுவதும் எல்லார் காதிலும் உரக்கச் சொல்லி வந்த நகையை அங்கே ஒருவர் காதில் மட்டும் சொன்னார்கள். மாணவரும் அதனை ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் துறையின் திரையில் வேறொரு படத்தின் சிறு பகுதியைக் காட்டினோம். 2018 இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்'; இயக்கியவர்கள் ரூசோ உடன்பிறப்புகள். அதற்கு முந்திய படத்தின் முடிவில் காப்பாற்றிய மக்களில் பாதிப்பேரையும் தம்பி லோகியையும் தோர் இழந்துவிட்டார். இப்போது அவருடன் ஓடத்தில் செல்பவன் ராக்கெட் என்னும் பேசும் ரக்கூன். நம் மரநாயை ஒத்த விலங்கு. பிறரை எள்ளுவதையே தொழிலாகக் கொண்டவன், எவரிடமும் கனிவு காட்டாதவன். அவன் தயங்கித் தயங்கித் தோரிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறான். தோர் முறுவலித்தவாறே சொல்கிறார்: தம்பி இறந்தான், தமக்கை இறந்தாள், தந்தை இறந்தார், தாய் இறந்தாள், நண்பன் இறந்தான். தோள்களைக் குலுக்கி, இன்னும் நான் இழக்க என்ன இருக்கிறது என்பது போல நகைக்கிறார். கண்ணில் நீர் நிற்கிறது. ராக்கெட் நகைக்கவில்லை. எள்ளலே தொழிலான அவன் அங்கே ஒரு சொல்லும் எள்ளவில்லை. தனக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது என்று, தோருக்குக் கேட்டும் கேளாததுமாகத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். பிறகு தோர் போரில் இழந்த கண்ணுக்கு மாற்றாகச் செயற்கைக் கண் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறான். திருடிய கண். தோர் உடனே எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். அதன்பின்னரே, கழுவிவிட்டுப் பொருத்தியிருக்கலாம் என்று இழுக்கிறான் ராக்கெட். அந்தக் கண்ணை எங்கே ஒளித்துக் கொண்டுவந்தான் என்பதை அவன் சொல்லி முடிக்குமுன் ஓடம் இலக்கை அடைந்துவிடுகிறது.

வகுப்பு சிரித்தது. மூன்றாம் ஆண்டு மாணவரும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபின், கண்ணைக் கொடுக்கும் இடத்திற்கு முன்பிருந்து இன்னொருமுறை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். காட்டினோம்.